தலைவர் பதவியை ஏலம் விட்டால் அது சுத்தமான தேர்தலா?

கண்மாய்க்கரை:
நேற்று மந்தைத்திடல் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "எங்கள் ஊரில் ஊராட்சித் தலைவர் பதவியை மந்தையில் வைத்து ஏலம் விட்டோம். ஓட்டுக்கு யாரும் ஐந்து பைசா கொடுக்கவில்லை. சுத்தமான தேர்தல் என்றால் அதுதான்" என்கிறார். ஓட்டே போடாத ஊரில் ஓட்டுக்கு எதற்குக் காசு? 2019 டிசம்பரில் கடலூர் மாவட்டம் நடுக்குப்பத்தில் தலைவர் பதவி 50 லட்சத்துக்கு ஏலம் போனதாகச் செய்தி வந்ததே, நினைவில்லையா? அந்தத் தேர்தலில் தலைவர் வேட்பாளர் செலவழிக்க அனுமதித்த தொகை வெறும் 34,000 ரூபாய்.

மந்தைத்திடல்:
பணம் கோயிலுக்குத்தான் போனது. யார் வீட்டுக்கும் போகவில்லை. பல வருடமாக நின்றுகிடந்த கோபுர வேலை முடிந்துவிட்டது, வந்து பாருங்கள். கவரில் பணம் வைத்துக் கொடுத்து, சூடம் ஏற்றிச் சத்தியம் வாங்குகிற ஊர்க்காரர்கள் எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

கண்மாய்க்கரை:
சரி, கோயிலுக்கே போகட்டும். ரசீது கொடுத்தீர்களா? அப்புறம் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். அன்று நடப்பில் இருந்த இந்திய தண்டனைச் சட்டம் 171-பி, ஓட்டுப் போடுவதற்குக் கொடுப்பதை மட்டும் லஞ்சம் என்று சொல்லவில்லை. ஒருவரை நிற்காமல் இருக்க வைப்பதற்கும், வாபஸ் வாங்க வைப்பதற்கும் கொடுத்தாலும் லஞ்சம்தான். ஏலத்தில் தோற்றவர்கள் எல்லாரும் கடைசி நாளில் வரிசையாகப் போய் வாபஸ் வாங்கினார்களே, அது எதற்காக?

சிலேட்டுக்குச்சி:
ராஜராஜன் காலத்திலேயே குடவோலை போட்டு ஆள் எடுத்த இனம் நாம். இன்று இப்படிச் சண்டை போடுகிறோம்.

வெள்ளாறு:
ராஜராஜன் இல்லை ஐயா, முதலாம் பராந்தகன். உத்திரமேரூர்க் கல்வெட்டு ராஜராஜன் பட்டத்துக்கு வருவதற்கு அறுபது வருடம் முந்தியது. கால் வேலி (வேலி என்பது பழைய நில அளவு) நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ளவன் பெயரைத்தான் பொதுவாகக் குடத்தில் போட்டார்கள். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சிலேட்டுக்குச்சி:
கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரனும் நிற்கக் கூடாது என்றும் அதே கல்வெட்டில் இருக்கிறது. போன மாதமும் என் பதிவில் வந்து இப்படித்தான் குற்றம் கண்டுபிடித்தீர்கள்.

மந்தைத்திடல்:
குடவோலையை விடுங்கள். ஊர் கூடி எடுத்த முடிவு இது. பணம் கோயிலுக்குத்தான் போனது.

கண்மாய்க்கரை:
ஊர் என்றால் யார் யார்? மந்தையில் பெண்கள் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள்? காலனியிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள்? மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996-ல் தலைவர் பதவி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டதும் இதே "ஊர் முடிவு"தான் பத்து வருடம் தேர்தலை முடக்கியது. தப்பித் தவறித் தேர்தல் நடந்தாலும் ஜெயித்தவரை உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006-ல்தான் ஒழுங்காக நடந்தது. ஊர் முடிவு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயம்.

இன்னொன்று. ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தை எதில் எடுப்பார்? ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். எங்களுக்குப் பக்கத்து ஊரில் துணைத் தலைவர் பதவியையும் சேர்த்து ஏலம் விட்டார்கள். இரண்டும் பங்காளிகளுக்கே போனது. ஐந்து வருடமும் குடிநீர்க் குழாய்க்கு, வீட்டு வரி ரசீதுக்கு, எல்லாவற்றுக்கும் ஜனங்கள்தான் லஞ்சம் கொடுத்தார்கள். அந்தக் கோபுரம் யார் காசு என்று இப்போது சொல்லுங்கள்.

மந்தைத்திடல்:
2011-ல் வார்டுக்கு நின்று தோற்ற எரிச்சலை எங்கள் ஊர் மேல் காட்டாதீர்கள்.

கண்மாய்க்கரை:
ஆமாம், 11 ஓட்டில் தோற்றேன். முந்தின நாள் ராத்திரி நான் எதிராளியோடு சமாதானமாகி ஒதுங்கிவிட்டதாகத் தெருத்தெருவாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். என் சித்தப்பாவே அதை நம்பி மாற்றிப் போட்டார். அந்தப் பொய்யைத் தாங்கிக்கொண்டேன். ஏனென்றால் 11 பேர் நம்பாமல் இருந்திருந்தால் நான் ஜெயித்திருப்பேன். ஜனங்கள் கையில் சீட்டு இருந்தது. உங்கள் ஊரில் அந்தச் சீட்டே இல்லை.

வெள்ளாறு:
பொய்ப் பிரசாரம் பரவாயில்லை, ஏலம்தான் தப்பு என்கிறீர்களா அண்ணே? அது எப்படி?

கண்மாய்க்கரை:
பரவாயில்லை என்று எங்கே எழுதினேன்? மறுபடி படியுங்கள் தம்பி.

சிலேட்டுக்குச்சி:
வெள்ளாறு யாருடைய பதிவையும் முழுதாகப் படிக்க மாட்டார்.

மந்தைத்திடல்:
கடைசியாகச் சொல்கிறேன். பணம் கோயிலுக்குத்தான் போனது. கும்பாபிஷேகத்துக்கு வாருங்கள், கல்வெட்டில் கொடுத்தவர் பெயரையே வெட்டியிருக்கிறோம்.

கண்மாய்க்கரை:
பெயர் இருக்கும். தொகை இருக்கிறதா? இரண்டாவது தடவையாகக் கேட்கிறேன், ரசீது எங்கே?