லோயர் டெக்ஸ் சீசன் முடிவுகள்: எல்லாத்தையும் புரட்டிப்போட்டுட்டு மறுபடி பழையபடி ஆக்குறது ஏமாத்து வேலையா?

சுண்டல்பொட்டலம் கேட்டது:

(அஞ்சு சீசனும் பார்க்காதவங்க இத்தோட கிளம்பிடுங்க. கதை மொத்தமும் கீழே உடையும்.)

ஸ்டார் ட்ரெக்: லோயர் டெக்ஸை மறுபடி முதல்லேர்ந்து ஓட்டிக்கிட்டிருக்கேன். செரிட்டோஸ்ங்கிற விண்கலத்துல கீழ்த்தளத்துல வேலை பார்க்குற மரினர், போய்ம்லர், ரூதர்ஃபோர்டு, டெண்டின்னு நாலு பேரோட அனிமேஷன் காமெடி. 2020 அக்டோபர்ல வந்த முதல் சீசன் கடைசி எபிசோடை இப்பப் பார்த்தாலும் நெஞ்சு அடிச்சுக்குது. சோல்வாங்னு இன்னொரு கப்பல் சிதறுது. பாதுகாப்பு அதிகாரி ஷாக்ஸ் சாகுறார். ரூதர்ஃபோர்டுக்கு நினைவே போயிடுது. போய்ம்லர் ப்ரமோஷன் வாங்கிக்கிட்டு, மரினர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம டைட்டன் கப்பலுக்குக் கிளம்பிடுறான். ஒரு காமெடி தொடர் அரை மணி நேரத்துக்குள்ள இவ்வளவையும் செய்யுது.

அப்புறம்? ரெண்டாவது சீசன் ரெண்டாவது எபிசோட்ல போய்ம்லர் செரிட்டோஸுக்கே திரும்பி வந்துடுறான். மூணாவதுல ஷாக்ஸ் ஒண்ணுமே நடக்காத மாதிரி நடந்து வர்றார். எப்படி வந்தார்னு யாரும் விளக்கமாட்டேங்குறாங்க! அப்ப நான் அழுததுக்கு என்ன மரியாதை?

சும்மா புலம்பலை. நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு அனிமேஷன் காமெடி எழுதுறோம், சார்பதிவாளர் ஆபீஸ்ல நடக்குற கதை. கடைசி எபிசோட்ல இளநிலை உதவியாளரா இருக்குற ஹீரோயினுக்கு ராமநாதபுரத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வருது. அவ போயிட்டா அடுத்த சீசனே இல்லை. போகலைன்னா முடிவே இல்லை. என்னதான் செய்றது?

---

ரிமோட்எங்கே:

சிட்காம்னா அப்படித்தான் பாஸ். எல்லாரும் அதே நாற்காலிக்கு வந்தாத்தான் கடை நடக்கும். ரொம்ப யோசிக்காதீங்க.

---

பென்சில்டப்பா:

ரிமோட்எங்கே சொல்வது பாதிதான் சரி. ஸ்டோரிபோர்டு போட்டுப் பிழைக்கிறவள் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழையபடி ஆக்குகிற பழக்கத்துக்கு ஒரு தொழில் காரணம் இருந்தது. அமெரிக்காவில் தொடர்களை உள்ளூர் சேனல்களுக்கு விற்பார்கள், அவை எந்த வரிசையிலும் மறுஒளிபரப்பு செய்யலாம். நடுவில் யாராவது செத்திருந்தால் பார்க்கிறவருக்குத் தலைகால் புரியாது. ஸ்ட்ரீமிங்கில் அந்தத் தொல்லை இல்லை. அப்படியும் லோயர் டெக்ஸ் பழைய இடத்துக்கு வருகிறது என்றால், வேண்டுமென்றே வருகிறது. ஆட்கள் திரும்பி வருவதையே நகைச்சுவைக்குக் கச்சாப்பொருளாக ஆக்கிவிடுகிறது.

ஷாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வந்ததும் ரூதர்ஃபோர்டு ஒருவன்தான் 'எப்படி?' என்று தவிக்கிறான். மேல்தளத்து அதிகாரிகள் செத்துப் பிழைப்பது இங்கே சகஜம், அதைப் போய்க் கேட்பது அநாகரிகம் என்று மற்றவர்கள் அவன் வாயை அடைக்கிறார்கள். கீழ்த்தள ஊழியர்கள் கண்ணில் ஸ்டார் ட்ரெக்கின் சம்பிரதாயம் எப்படித் தெரியும்? மானேஜர் சஸ்பெண்ட் ஆகி, மூன்றாம் மாதம் அதே சீட்டில் வந்து உட்கார்ந்தால் நாம் ஏதாவது கேட்கிறோமா? அதுதான். ஆபீஸ் காமெடியும் விண்வெளிக் கதையும் அந்த ஒரு ஜோக்கில் ஒட்டிக்கொள்கின்றன.

இன்னொன்று. அந்த முதல் சீசன் முடிவில் திரும்பி வராதது எது என்று கவனித்தீர்களா? மரினர் கேப்டன் ஃப்ரீமனின் மகள் என்கிற ரகசியம். சீசன் முழுக்கப் பொத்திவைத்ததை, தகவல் தொடர்பு திறந்திருப்பது தெரியாமல் போய்ம்லர் கப்பலுக்கே கேட்கும்படி உளறிவிடுகிறான். அது வெளியே வந்தது வந்ததுதான். ரூதர்ஃபோர்டின் நினைவும் ரெண்டாவது சீசன் தொடக்கத்தில் அப்படியே வந்து குதித்துவிடவில்லை. முன்பு வாயில் வைக்காத பேரிக்காயை இப்போது ரசித்துச் சாப்பிடுகிறான். அதைப் பார்த்து டெண்டி பயந்துபோய் அவனைப் பரிசோதனை மேல் பரிசோதனையாகப் படுத்தியெடுக்கிறாள். செத்தவர் எழுந்து வந்துவிட்டார், ஆனால் தோழன் அதே ஆள்தானா என்கிற பயம் அவளை விட்டுப் போகவில்லை. போஸ்டிங்கையும் பதவியையும் அழித்து எழுதுகிறார்கள், உறவில் விழுந்த கீறலை அழிப்பதில்லை. இந்தத் தொடரின் கணக்கு அதுதான் என்பது என் கட்சி.

இது இவர்களே கண்டுபிடித்ததும் இல்லை. 1990 ஜூனில் நெக்ஸ்ட் ஜெனரேஷன் என்கிற பழைய ஸ்டார் ட்ரெக் தொடர், கேப்டன் பிக்கார்டை போர்க் என்கிற பாதி எந்திரக் கூட்டத்தில் ஒருவராக ஆக்கி சீசனை முடித்தது. செப்டம்பரில் அவரை மீட்டார்கள். பதவி, சீருடை எல்லாம் பழையபடி. ஆனால் அதற்கடுத்த எபிசோடில் அவர் பிரான்சில் இருக்கும் சொந்த ஊருக்குப் போய், அண்ணனோடு சேற்றில் கட்டிப்புரண்டு சண்டை போட்டு, அப்புறம் உடைந்து அழுகிறார். அந்த அழுகை இல்லையென்றால் நீங்கள் சொல்கிற 'ஏமாற்று' என்ற பட்டம் அதற்கும் பொருந்தும்.

பீனட் ஹாம்பரைப் பற்றி யாரும் பேசமாட்டீர்களா? முதல் சீசன் முடிவிலேயே எனக்குப் பிடித்த இடம் அதுதான். குட்டி எக்ஸோகாம்ப் எந்திரம், வேலைக்குப் புதுசு. எபிசோட் தொடக்கத்தில் நுழைகிறது, டெண்டி தாங்கித் தாங்கிப் பழக்கிவிடுகிறாள். எதிரிக் கப்பலுக்குள் வைரஸைக் கொண்டுபோய்ப் போட ஆள் வேண்டும் என்றதும் அத்தனை முகமும் அதன் பக்கம் திரும்புகிறது. 1992இல் ஒரு எக்ஸோகாம்ப் மற்றவர்களுக்காக உயிரையே கொடுத்த எபிசோடைப் பார்த்தவர்களுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும். அது என்ன செய்கிறது? முடியாது என்று சொல்லிவிட்டுத் தன்னைத்தானே டிரான்ஸ்போர்ட் செய்துகொண்டு தப்பித்துவிடுகிறது! அந்த இடம் காலியானதால்தான் ரூதர்ஃபோர்டும் ஷாக்ஸும் போகவேண்டி வருகிறது. சிரிப்பு வந்த அதே வாசல் வழியாகத்தான் சாவும் வருகிறது. அந்த மாதிரி ஒரு திருப்பத்தை போர்டில் ஒருமுறையாவது வரைந்துவிட்டால் போதும், ஜென்மம் சாபல்யம்.

---

சுண்டல்பொட்டலம்:

அக்கா, பேரிக்காய் விஷயம் எனக்குத் தோணவே இல்லை. சரி, ரெண்டாவது சீசன் முடிவு? கேப்டன் ஃப்ரீமனைக் கைது பண்ணிக் கூட்டிட்டுப் போறாங்க, 'தொடரும்'. பத்து மாசம் காத்திருந்து மூணாவது சீசனைப் போட்டா, கேஸையே காட்டலை. அது மட்டும் நியாயமா?

---

அரைடிக்கெட்:

குறுக்கே வர்றேன். அதுதான் இந்தத் தொடர்லயே துணிச்சலான முடிச்சு. மரினரும் கூட்டமும் கப்பலைத் திருடி அம்மாவைக் காப்பாத்தக் கிளம்புதுங்க. பழைய ட்ரெக் படங்கள்ல வர்ற மாதிரியே. ஆனா அதுக்குள்ள பெரிய அதிகாரிகள் ரகசியமா விசாரிச்சு, பேக்லெட்ங்கிற வேற்றுக்கிரக இனம் தன்னோட கிரகத்துல தானே குண்டு வெச்சுதுன்னு நிரூபிச்சாச்சு. கேப்டன் விடுதலை. அந்தத் துப்பறியும் கதை மொத்தமும் சில நொடியில ஓடி முடிஞ்சுடும். ஏன்னா கீழ்த்தளத்துல இருக்குறவனுக்குப் பெரிய கதை எப்பவும் சேதியா மட்டும்தான் வந்து சேரும். நம்ம ஆபீஸ்லயும் தலைமையகத்துல என்ன நடந்துச்சுன்னு நமக்கு சர்க்குலர்தானே வருது?

ஆனா அக்கா மாதிரி எல்லாத்துக்கும் நான் பூப்போட மாட்டேன். மூணாவது சீசன் முடிவுல, தானா ஓடுற டெக்ஸஸ் ரகக் கப்பல்கள் வெறிபிடிச்சு அடிக்க, கடைசி நிமிஷம் செரிட்டோஸ் மாதிரியே இருக்குற கலிஃபோர்னியா ரகக் கப்பல் எல்லாம் கூட்டமா வந்து இறங்குதே, அது எத்தனை தடவை பார்த்த காட்சி! ஸ்டார்ஃப்ளீட்ங்கிற விண்கலப் படையை விட்டுப்போன மரினர் நேரம் பார்த்து எல்லாரையும் கூட்டிட்டு வர்றா. எனக்கும் புல்லரிச்சுது, இல்லைங்கலை. ஆனா புல்லரிக்க வைக்கிறது சுலபம். நாலாவது சீசன் முடிவு அதைவிட மேல். ஜெயிச்சதுக்கு விலையா டெண்டி தன்னோட ஓரியன் கிரகத்துக்குத் திரும்பிப் போறா.

---

பென்சில்டப்பா:

அரைடிக்கெட், புல்லரிக்க வைப்பது சுலபமென்றால் எல்லோரும் செய்திருப்பார்களே! அது பார்த்த காட்சிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வந்து நிற்கிற கப்பல்களைப் பாருங்கள். அத்தனையும் ரெண்டாம்தரக் கப்பல்கள், மற்றவர்கள் தொடங்கிவைத்த வேலையை முடித்துக்கொடுக்கிற ரகம். எண்டர்பிரைஸ் மாதிரி ஒன்று வந்திருந்தால் நானும் டிவியை அணைத்திருப்பேன். முதல் சீசனில் கேப்டன் ரைக்கரின் டைட்டன் வந்து காப்பாற்றுகிறது, மூன்றாவதில் தங்கள் ஜாதிக் கப்பல்களே வருகின்றன. ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் காட்சிக்கு வேறு நிறம் கிடைக்கும்.

சுண்டல், உங்கள் கதைக்கு வருவோம். போய்ம்லரை எப்படித் திருப்பிக் கொண்டுவந்தார்கள்? ஆட்களை நொடியில் இடம் மாற்றுகிற டிரான்ஸ்போர்ட்டர் எந்திரத்தின் கோளாறில் ரெண்டாகிவிடுகிறான். ஒருவன் டைட்டனிலேயே தங்க, இன்னொருவன் பதவி இறக்கத்தோடு பழைய கப்பலுக்கு வருகிறான். ரைக்கருக்கே முன்பு அப்படி நடந்தது என்பதால் அவர் அலட்டிக்கொள்வதில்லை. அந்த டைட்டன் போய்ம்லரை மறந்தும் விடவில்லை. அஞ்சாவது சீசனில் ஒரு கப்பலுக்கே கேப்டனாக வந்து கதை முடிச்சைப் பிடிக்கிறான். ரீசெட்டுக்காகப் போட்ட ஜோக்கே பிறகு முதலீடாகிவிட்டது.

ஆகவே உங்கள் பெண்ணை அனுப்பிவிடுங்கள். தயங்காதீர்கள். அடுத்த சீசன் ரெண்டாவது எபிசோடில் ஆர்டர் ரத்தாகிவிட்டது என்று திரும்பக் கொண்டுவாருங்கள், அதுவும் நம் ஊரில் நடக்காத காரியமில்லை. ஆனால் அவள் சீட்டில் வேறொருவர் உட்கார்ந்திருக்கட்டும், அவர் எழுந்திருக்கவும் கூடாது. கிளம்புகிற அவசரத்தில் அவள் யாரிடமாவது சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கட்டும். அதை மட்டும் எந்த ஆர்டரும் ரத்து செய்யக் கூடாது.

---

சுண்டல்பொட்டலம்:

சீட்டுல வேற ஆள்! இதை இன்னிக்கே குழுவுல போடுறேன். சொல்லக்கூடாததை அவ சார்பதிவாளர்கிட்ட சொல்லணுமா, ஆபீஸ் வாசல்ல உக்கார்ற பத்திர எழுத்தர்கிட்டயா?

---

பென்சில்டப்பா:

பத்திர எழுத்தரிடம். சார்பதிவாளர் மாற்றலாகிப் போய்விடுவார், அவர் எங்கேயும் போகமாட்டார்.