ஒய் நாற்காலிக்கு இருக்கை பின்னத் தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா?

கோபன்ஹேகன் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள். பழைய சாமான் சந்தையில் டென்மார்க் மரச்சாமான் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வேக்னரின் ஒய் நாற்காலி (முதுகில் Y வடிவக் கட்டை உள்ளது) ஒன்று கிடைத்தது. 1949-இல் அவர் வடிவமைத்தது; கார்ல் ஹான்சன் நிறுவனம் 1950 முதல் இன்றுவரை விடாமல் செய்துவருகிறது.

மரம் ஓக். முதுகுக்கும் கைக்கும் சேர்த்து ஒரே வளைவு, ஆவியில் வளைத்த ஒற்றைக் கட்டை. தடவினால் ஒட்டுப்போட்ட இடம் எங்கேயும் தட்டுப்படாது. சீனத்து மிங் காலத்து நாற்காலிகளைப் பார்த்து உருவான வடிவமாம். செருப்புத் தைப்பவர் வீட்டுப் பிள்ளை வேக்னர். கை வேலையின் அருமை தெரிந்த மனுஷன்!

சிக்கல் இருக்கையில்தான். முறுக்கிய காகிதக் கயிறு, ஒரு நாற்காலிக்குச் சுமார் 120 மீட்டர். முன் மூலையில் அறுந்து, நடுவில் தொட்டில் மாதிரி தொங்குகிறது. போதாக்குறைக்கு, முன்பு வைத்திருந்தவர் யாரோ நீல நைலான் கயிற்றால் முடிச்சுப் போட்டிருக்கிறார். பார்க்கவே வயிறு எரிகிறது.

முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். அதனால் முன் மூலைகளை முதலில் நிரப்பிவிட்டுத்தான் பின்ன வேண்டும் என்கிறார்கள். அதை எப்படிக் கணக்குப் பண்ணுவது? முதல்முறை செய்கிறவன் துணிந்து இறங்கலாமா, இல்லை ஆளிடம் கொடுப்பதே மேலா? கொடுத்தால் எவ்வளவு கேட்பார்கள்?

கயிறு சில்லறையாக எங்கே கிடைக்கும் என்றும் சொல்லுங்கள். படம் கேட்டால் போடுகிறேன்.