வீல் ஸ்டட்டுக்குத் தமிழ்ச்சொல்: அச்சாணியா, மரைமுளையா?

அனைவருக்கும் வணக்கம்.

பட்டறைக் கையேட்டின் சக்கரப் பகுதியில் ‘வீல் ஸ்டட்’ என்பதற்கு இன்னும் சொல் முடிவாகவில்லை. சக்கரம் வந்து உட்காரும் சுழலும் நடுப்பகுதியான ஹப்பில் நிற்கும், மரை (திருகு வரி) வெட்டிய கம்பி அது; அதில் நட்டை முறுக்கித்தான் ரிம்மை மாட்டுகிறோம். இதுவரை வந்த பரிந்துரைகள் அச்சாணி, சக்கர ஆணி, சக்கரத் திருகாணி. கம்பெனி ரிம்மைக் கழற்றி வேறு ரிம் மாட்டியபின் வரும் கோளாறுகள்தான் அந்தப் பகுதியில் பாதி இடத்தைப் பிடிக்கின்றன. ஸ்விஃப்டில் ஹோண்டா சிட்டியின் அலாய் ரிம்மை மாட்டுவதை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறோம். இரண்டிலும் நாலு ஓட்டை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மி.மீ., அதனால் அப்படியே உட்காரும் என்று நம்பி வாங்குகிறார்கள்.

என் ஓட்டு ‘அச்சாணி’க்கு. யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

———

> என் ஓட்டு ‘அச்சாணி’க்கு.

ஐயா, அச்சாணி வேண்டாம். மாட்டுவண்டியில் அச்சின் நுனியில் குறுக்கே செருகுவது அது. சக்கரம் வெளியே நழுவாமல் தடுத்தால் அதன் வேலை முடிந்தது. கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் வண்டி ஓடும். கார் ஸ்டட்டில் அந்த ஆட்டம்தான் எல்லாக் கேட்டுக்கும் தொடக்கம்.

‘சக்கர ஆணி’யும் தப்பான படத்தைத்தான் மனதில் ஏற்றுகிறது. சுவரில் அடித்த ஆணியில் சட்டை தொங்குவதுபோல, வண்டியின் எடை அந்த நாலு கம்பியில் தொங்குகிறது என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். உண்மையில் எடையைத் தாங்குவது ரிம்முக்கும் ஹப் முகத்துக்கும் இடையிலான உராய்வு. நட்டை முறுக்கும்போது ஸ்டட் மயிரிழை அளவு நீள்கிறது. அது திரும்பச் சுருங்கப் பார்க்கிற விசைதான் ரிம்மை ஹப்போடு நெருக்கிப் பிடிக்கிறது. 12 மி.மீ. ஸ்டட்டை எண்ணெய் படாமல் 100 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினால் ஒவ்வொன்றும் சுமார் 40 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ நாலு டன் விசையில் இழுத்துப் பிடிக்கும். இந்தப் பிடி தளர்ந்துவிட்டால் ரிம் நகரத் தொடங்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டட் வளைந்து நிமிரும். கடைசியில் உலோகம் களைத்து முறியும்.

மாட்டைக் கட்ட நிலத்தில் அடிப்பதை முளை என்கிறோம். அது தான் சுழலாது, அசையாது. மற்றது அதில் வந்து கட்டுப்படும். ஸ்டட்டும் ஹப்பில் அப்படித்தான் நிற்கிறது. மரை வெட்டிய முளை, ஆகவே ‘மரைமுளை’. இதை முன்மொழிகிறேன்.

———

> மரை வெட்டிய முளை, ஆகவே ‘மரைமுளை’.

இரண்டு தயக்கம். முளை என்றதும் விதை முளைப்பதுதான் முதலில் நினைவுக்கு வரும். அடுத்தது, பட்டறையில் எல்லாவற்றையும் ‘வீல் போல்ட்டு’ என்றே சொல்கிறார்கள். ‘மரையாணி’ என்று ஒரே சொல் போதாதா?

———

> ‘மரையாணி’ என்று ஒரே சொல் போதாதா?

போதாது. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்களில் ஹப்பில் துளைதான் இருக்கும். போல்ட்டை வெளியிலிருந்து முறுக்க வேண்டும். அதற்கு மரையாணி சரியான பெயர். மாருதி, ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டாவில் ஹப்பிலேயே ஸ்டட் நிற்கும், நட்டு தனி. கோளாறும் அதற்கேற்ப மாறுகிறது. மரையாணி வண்டியில் தடித்த ரிம் போட்டால் நீளமான போல்ட் வாங்கிக்கொள்ளலாம். மரைமுளை வண்டியில் ஹப்பிலிருந்து ஸ்டட்டையே பிடுங்கி மாற்ற வேண்டும். ஒரே சொல்லை வைத்தால் ‘நீளமான மரையாணி போடவும்’ என்ற வரியைப் படிப்பவர் எதை வாங்குவார்?

விதை முளை பற்றிய தயக்கம் கூட்டுச்சொல்லில் தீர்ந்துவிடும். ‘மரை’ முன்னால் வந்தபின் யாரும் பயிரை நினைக்க மாட்டார்கள்.

இந்த ஒரு சொல் அமைந்தால் மற்றவையும் வரிசையாக வரும். ஹப்புக்கு வண்டிக்காரர்கள் சொல்லும் ‘குடம்’ இருக்கவே இருக்கிறது. நட்டுக்குச் ‘சுரை’, வேலின் காம்பு நுழையும் குழலைச் சுரை என்பது பழைய வழக்கு. முளைகள் அமைந்த வட்டத்தின் விட்டமான பி.சி.டி.க்கு ‘முளைவட்டம்’. சுரை வந்து அழுந்தும் குழிக்கு ‘அமர்வு’. இந்தச் சொற்களில் சிட்டி-ஸ்விஃப்ட் பகுதியை எழுதிப் பார்த்தேன். குறை சொல்லுங்கள்:

“முளைவட்டம் இரண்டிலும் 100 மி.மீ. எதிரெதிர் முளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் இது கிடைக்கும். ஐந்து முளை உள்ள குடத்தில் எதிரெதிர் முளை இல்லாததால், அடுத்தடுத்த இரண்டின் இடைவெளியை 1.701 ஆல் பெருக்க வேண்டும். வட்டம் ஒத்துப்போனாலும் மூன்று இடத்தில் இந்த ரிம் வேறுபடுகிறது.

ஸ்விஃப்டின் மரை 12×1.25 (12 மி.மீ. விட்டம், வரிக்கு வரி 1.25 மி.மீ.), சிட்டியின் மரை 12×1.5. ரிம்மோடு வந்த சிட்டி சுரையை ஸ்விஃப்ட் முளையில் ஏற்றினால் ஒன்றிரண்டு சுற்று போய் இறுகும். அப்போது நட்டு முறுக்கும் காற்றுத் துப்பாக்கியை வைத்து அழுத்தினால் மரை சுருள் சுருளாக உரிந்து வரும். எந்தச் சுரையும் முதல் ஐந்தாறு சுற்று விரலாலேயே போக வேண்டும்.

ஹோண்டா ரிம்மின் அமர்வு உருண்டை. ஸ்விஃப்ட் சுரையின் முகம் 60 பாகைக் கூம்பு. கூம்பு உருண்டைக் குழியில் மெல்லிய கோடாக மட்டுமே தொடும். முறுக்கும்போது சாவியில் இறுக்கம் தெரியும். ஓடியபின் அந்தக் கோட்டில் அலுமினியம் நசுங்கிப் பிடி போய்விடும். சுரையைக் கழற்றிக் குழியைப் பார்த்தால் பளபளவென ஒரே ஒரு வளையக்கோடு இருக்கும். தேவைப்படுவது 12×1.25 மரையும் உருண்டை முகமும் கொண்ட சுரை.

நடுத்துளை சிட்டி ரிம்மில் 56.1 மி.மீ.; அதில் நுழையும் ஸ்விஃப்ட் குடத்தின் நடுமேடு 54.1. சுற்றிலும் 1 மி.மீ. இடைவெளி. ரிம் நடுவில் உட்காராவிட்டால் ஸ்டீயரிங் நடுங்கும். 56.1–54.1 வளையம் போட வேண்டும். சுரைகளை எதிரெதிராக, வண்டி ஜாக்கியில் இருக்கும்போதே பாதி இறுக்கி, தரையில் இறக்கியபின் முழு முறுக்கு கொடுக்க வேண்டும்.”

———

> சுரைகளை எதிரெதிராக...

அருமையாக வந்திருக்கிறது. ‘மரைமுளை’யை முழு மனதோடு ஏற்கிறேன். என் ‘அச்சாணி’யைத் திரும்பப் பெறுகிறேன். சில இடங்களில் இன்னும் கறாராக எழுத வேண்டும்.

மரைக்கடி, அதாவது சுரை முளையைப் பற்றியிருக்கும் நீளம், முளையின் விட்டத்துக்குக் குறையக்கூடாது. 12×1.25இல் பத்துச் சுற்று, 12×1.5இல் எட்டுச் சுற்று. ரிம்மை வெளியே தள்ள, குடத்துக்கும் ரிம்முக்கும் நடுவில் 5 மி.மீ. இடைத்தட்டு (ஸ்பேசர்) வைத்தால் முதல் வகையில் நாலு சுற்று போயிற்று. இதைக் கட்டாயம் சேருங்கள். தட்டு விற்பவர்கள் சொல்வதில்லை. இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. மெல்லிய ரிம்மில் மூடிய சுரை போட்டால் முளையின் நுனி சுரையின் மூடியில் முட்டி நின்றுவிடும். முறுக்கை அளக்கும் டார்க் ரெஞ்ச், குறித்த அளவு வந்துவிட்டதாக ‘டிக்’ என்று சொல்லும். ரிம்மிலோ பிடியே இருக்காது.

மரையில் எண்ணெயும் கிரீஸும் பூசும் பழக்கத்துக்குத் தனிப் பெட்டியில் எச்சரிக்கை வேண்டும். எண்ணெய் பட்டால் அதே 100 நியூட்டன் மீட்டருக்கு இழுவிசை 55 கிலோநியூட்டனைத் தாண்டக்கூடும். 8.8 என்ற வலிமைத் தர முளையின் தாங்கு எல்லை 12×1.25இல் சுமார் 53 கிலோநியூட்டன். முளை நிரந்தரமாக நீண்டுவிடும்.

முறிவைப் படிப்பதற்கும் சொல் வேண்டும். தளர்ந்து ஓடி முறிந்த முளையின் வெட்டுமுகத்தில், வற்றிய குளத்தின் கரைபோல வரிவரியாக இருக்கும். கடைசியாக அறுந்த பகுதி மட்டும் சொரசொரப்பு. இதற்குக் ‘களைப்பு முறிவு’. மிகையாக முறுக்கி அறுந்ததில் முறிவுக்குப் பக்கத்தில் கழுத்து இறுகி மெலிந்திருக்கும். இதற்கு ‘இழு முறிவு’. களைப்பு முறிவு ஒன்றில் தெரிந்தால் அந்தச் சக்கரத்தின் நாலு முளையையும் மாற்ற வேண்டும். மற்ற மூன்றும் அதே வளைவைத்தான் தாங்கியிருக்கின்றன.

———

> இதற்கு ‘இழு முறிவு’.

ஏற்கலாம். ‘முளை சுற்றுதல்’ என்ற தலைப்பையும் சேர்க்கிறேன். சுரையோடு முளையும் சேர்ந்து சுழலும் கோளாறு அது. முளையின் கழுத்தில் நெடுக்காக வெட்டிய பல்வரிதான் குடத்துத் துளையைக் கடித்துக்கொண்டு அதைச் சுழலாமல் பிடிக்கிறது. பல்வரி மழுங்கிவிட்டால் முளையை மாற்றியே ஆக வேண்டும். புது முளையின் மரை பொருந்தினால் மட்டும் போதாது. பல்வரியின் விட்டத்தை வெர்னியரில் அளந்து வாங்க வேண்டும். சிறியதாக இருந்தால் மறுபடி சுற்றும். பெரியதாக இருந்தால் குடம் விரிசல் விடும்.

பழைய முளையைச் சுத்தியலால் அடித்தால் பேரிங் கெடும். பிரஸ்ஸில் அழுத்தி எடுக்க வேண்டும். புதியதை ஏற்றும்போது தடித்த வாஷர் நாலைந்துக்கு இடையில் கிரீஸ் தடவி, பழைய சுரையின் தட்டை முகம் வாஷரில் படும்படி திருப்பிப் போட்டு, கைச்சாவியால் இழுக்கலாம். கிரீஸ் வாஷருக்கு மட்டும், மரைக்கு ஆகாது. முளையின் தலை குடத்தின் பின்முகத்தில் இடைவெளியில்லாமல் ஒட்டும்வரை இழுக்க வேண்டும். அரை மி.மீ. மிச்சம் இருந்தாலும் ஓட்டத்தில் அது உள்ளே இறங்கும், பிடி தளரும். இழுக்கப் பயன்படுத்திய சுரையை மறுபடி மாட்டக்கூடாது. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் எல்லாச் சுரையையும் கையேட்டு முறுக்குக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

இடைத்தட்டுக்கும் நடுத்துளை வளையத்துக்கும் சொல் இன்னும் உறுதியாகவில்லை. வளையத்துக்குக் ‘குடவளையம்’ என்று தற்காலிகமாக எழுதிவைக்கிறேன். மாற்று இருந்தால் இதே இழையில் அனுப்புங்கள்.