புதுப்பிப்பு: கிளீனர் இறால் ஓடு மாற்றிவிட்டது!

என் கடல்நீர் மீன்தொட்டிக்கு வாங்கிய கிளீனர் இறால் (மீன்களின் மேலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்னும் சிறு இறால்) இரண்டும் வாங்கி வந்த இரண்டே நாளில் செத்துவிட்டன, அயோடின் குறைவா என்று போன மாதம் கேட்டிருந்தேன். அயோடின் காரணமே இல்லை. உப்பு அளவுதான்.

தண்ணீரின் அடர்த்தியை வைத்து உப்பைக் காட்டும் என் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் முள்ளில் காற்றுக்குமிழி ஒட்டி, கடல்நீர் அளவான 1.025 என்று காட்டிக்கொண்டிருந்தது. ஒளி விலகலை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால் வெறும் 1.020! கடைத் தண்ணீரிலிருந்து அதில் நேராக விட்டால் இறால் எப்படித் தாங்கும்? மீன்கள் தாங்கிக்கொண்டதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நாளுக்கு 0.001 வீதம் ஏற்றி 1.025க்குக் கொண்டுவந்தேன்.

அதன்பிறகுதான் புது இறால். ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, நொடிக்கு இரண்டு சொட்டாக இரண்டு மணி நேரம் தொட்டித் தண்ணீரைப் பையில் விட்டேன்.

நேற்றுக் காலை மணலில் சிவப்பு வெள்ளைக் கோடுகளோடு உடல் கிடந்தது. நெஞ்சே அடைத்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை, கண்ணாடி மாதிரி வெற்று ஓடு. பாறை இடுக்கில் வெள்ளை மீசை மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது! புது ஓடு இறுகும்வரை தொட்டிக்குள் கைவிட மாட்டேன்.

செம்பு கலந்த மீன் மருந்தை மட்டும் இந்தத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், இறாலுக்கு அது விஷம்.