வெஸ்லி கூல்ஹோஃப்: பெரிய ஆட்டக்காரரா, டபுள்ஸில் ஒதுங்கியவரா?

பேஸ்லைன்பாலா:
2024 கடைசியில் ஓய்வுபெற்ற டபுள்ஸ் ஆட்டக்காரர் கூல்ஹோஃபை நெதர்லாந்தின் தலைசிறந்த டென்னிஸ் வீரர்கள் வரிசையில் இங்கே சிலர் வைக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சிங்கிள்ஸில் முதல் 100 இடங்களுக்குள் அவர் வந்ததே இல்லை. 90களின் நெதர்லாந்து ஜோடி யாக்கோ எல்டிங், பால் ஹார்ஹூயிஸ் இருவரும் சிங்கிள்ஸிலும் முதல் 20 இடங்களைத் தொட்டவர்கள். டபுள்ஸில் ஜோடியாக நான்கு கிராண்ட் ஸ்லாம்களையும் வென்றார்கள். 1998 விம்பிள்டன் இறுதியில் உட்பிரிட்ஜ், உட்ஃபோர்டு ஜோடியை ஐந்தாவது செட்டில் 10-8 என்று வீழ்த்தினார்கள். கூல்ஹோஃப் விம்பிள்டனை வென்றது 2023இல். அந்த வருடம்தான் அங்கே ஆண்கள் டபுள்ஸை ஐந்து செட்டிலிருந்து மூன்று செட்டாகக் குறைத்தார்கள்!

வலையோரம்:
எல்டிங் ஜோடி 1995இலும் 1998இலும் பாரிஸில் (ஃபிரெஞ்சு ஓப்பனில்) வென்ற இறுதி ஆட்டங்களும் மூன்று செட் போட்டிகள்தானே? அதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? கிராண்ட் ஸ்லாம் அல்லாத இன்றைய டூர் போட்டிகளின் டபுள்ஸ் ஆட்டத்தையும் பாருங்கள். டியூஸ் (40-40) வந்தால் ஒரே பாயிண்டில் கேம் முடிகிறது. ஆளுக்கொரு செட் என்றால் மூன்றாவது செட்டே கிடையாது, பத்துப் பாயிண்ட் டைபிரேக்தான். நல்ல ஜோடி கொஞ்சம் தடுமாறினாலே வெளியே போய்விடும். அப்படிப்பட்ட டூரில் 2022இல் நீல் ஸ்குப்ஸ்கியோடு சேர்ந்து 7 பட்டங்கள், கிராண்ட் ஸ்லாமுக்கு அடுத்த நிலையான மாஸ்டர்ஸ் போட்டிகளில் மாட்ரிட், மான்ட்ரியல், பாரிஸ் உட்பட. நவம்பரில் டபுள்ஸில் உலகின் நம்பர் 1. இதை ஒதுங்கியவர் செய்ததாக எப்படிச் சொல்கிறீர்கள்?

பேஸ்லைன்பாலா:
நம்பர் 1 ஆனார், சரி. 2020, 2022 இரண்டு யுஎஸ் ஓப்பன் இறுதிகளிலும் தோற்றாரே. ஆண்கள் டபுள்ஸில் கையில் இருப்பது ஒரே ஒரு கிராண்ட் ஸ்லாம். எல்டிங்குக்கு 6, ஹார்ஹூயிஸுக்கும் 6.

தேன்மொழி_க:
பாலா சார், மலகாவை மறந்துவிட்டீர்களா? 2024இல் ஸ்பெயினின் மலகாவில் நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பை காலிறுதி, நெதர்லாந்தும் ஸ்பெயினும், நடாலின் கடைசிப் போட்டி. நெதர்லாந்தின் வான் டே ஸான்ட்ஸ்கல்ப் நடாலை வென்றார், ஸ்பெயினின் அல்காரஸ் க்ரீக்ஸ்பூரை வென்றார், 1-1. ஊரே ஸ்பெயினுக்காகக் கத்துகிறது. முடிவு டபுள்ஸ் கையில். எதிரே அல்காரஸும் கிரனோயர்ஸும். கூல்ஹோஃப் தன் வழக்கமான ஜோடி இல்லாமல், சிங்கிள்ஸ்காரரான வான் டே ஸான்ட்ஸ்கல்ப்பைக் கூட வைத்துக்கொண்டு, இரண்டு செட்டையும் டைபிரேக்கில் எடுத்தார். கூட இறங்குகிறவர் யாராக இருந்தாலும் டபுள்ஸ் ஆட்டக்காரராக மாற்றிக் காட்டுவது தனித் திறமை இல்லையா? சிங்கிள்ஸ் ரேங்கிங்கில் அது எங்கே தெரியும்?

பேஸ்லைன்பாலா:
மலகா அருமையான ஆட்டம், அதில் சந்தேகமில்லை. அதற்காக ஒரு மாலை ஆட்டத்தை வைத்து எல்டிங், ஹார்ஹூயிஸ் பக்கத்தில் நாற்காலி போட முடியாது.

வலையோரம்:
பக்கத்தில் என்று நான் சொல்லவே இல்லை, அதே வரிசையில் என்றுதான் சொல்கிறேன். அவர் எடுத்தது ஒரு மாலை ஆட்டம் மட்டுமில்லை. மெக்டிச்சோடு ஆண்டின் சிறந்த ஜோடிகள் மோதும் 2020 ஏடிபி ஃபைனல்ஸ், 2024 இந்தியன் வெல்ஸ், ஷிபஹாராவோடு 2022 ஃபிரெஞ்சு ஓப்பன் கலப்பு இரட்டையர் எல்லாம் இருக்கின்றன. ஜோடி மாறினாலும் பட்டம் வந்துகொண்டே இருந்தது. அப்புறம் இன்னொன்று, மலகாவில் நெதர்லாந்து அணியின் கேப்டன் யார் தெரியுமா? நீங்கள் கொண்டாடும் ஹார்ஹூயிஸ்தான். 1-1 என்று நின்றபோது அவர் நம்பி இறக்கியது கூல்ஹோஃபை. அந்த வெற்றியில் தொடங்கித்தான் நெதர்லாந்து முதல்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிவரை போனது.