புதுப்பிப்பு: சித்தப்பாவுக்காக 40 கிலோமீட்டர்

போன மாதம் எழுதியிருந்தேனே, ஞாபகமிருக்கிறதா? விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருக்கும் என் தம்பியின் பிசியோதெரபி செலவுக்காக, என் பத்து வயது மகள் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் டர்பன் கடற்கரை நடைபாதையில் நடக்கப்போகிறாள், கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஏதாவது தாருங்கள் என்று. சரி, முடித்துவிட்டாள். உம்கேனி ஆறு கடலில் கலக்கும் புளூ லகூனிலிருந்து தெற்கே உஷாக்கா கடல் பூங்கா வரை ஒரு தடவைக்குச் சுமார் 8 கிலோமீட்டர்.

மூன்றாவது வாரம்தான் ஆட்டிவிட்டது. தென்மேற்குக் காற்று நேரே முகத்தில், கண்ணெல்லாம் மணல், மோசஸ் மபிடா ஸ்டேடியத்தின் வளைவு கண்ணுக்குத் தெரிகிறதே தவிர கிட்டே வருவதாக இல்லை. "போதும்மா, திரும்பிடலாம்" என்றேன். "சித்தப்பா பாதியில விடுறாரா?" என்று கேட்டுவிட்டு நடந்தாள். எனக்குப் பேச்சு வரவில்லை (மூச்சும்தான்).

இதுவரை வந்தது 11,150 ரேண்ட். எங்களுக்கு பிசியோதெரபி ஒரு தடவைக்கு 600 ஆகிறது, ஆக 18 தடவைக்குப் போதும். இரண்டு பேர் இன்னும் தரவில்லை. கேட்க எனக்குக் கூச்சம், அவளுக்கு அதெல்லாம் கிடையாது.

தம்பி மறுபடி நடப்பான் என்று யாரும் சொல்லவில்லை. நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தானே மாற வேண்டும், அதற்குத் தோளிலும் கையிலும் பலம் வேண்டும், அதற்குத்தான் இவ்வளவும். போன வியாழக்கிழமை இரண்டுக்கும் நடுவில் பலகை போட்டு, யாரும் பிடிக்காமல், மாறிவிட்டான். அப்புறம் இரண்டு தட்டு பிரியாணி.