டி.சி. இல்லாமல் இடுக்கியில் பள்ளியில் சேர்த்தவர்கள் உண்டா?

வணக்கம். இடுக்கி மாவட்டம் பூப்பாறையில் இருக்கிறேன். எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு 12 வயது. போடிப் பக்கம் ஐந்தாம் வகுப்பு முடித்தவள். போன வருஷம் அப்பா இறந்ததும் அம்மாவோடு இங்கே வந்தாள். ஆகஸ்டிலிருந்து ஏலக்காய் எடுக்கப் போகிறாள். மருந்து அடித்த செடிகளுக்குள் பகலெல்லாம் குனிந்து நிற்கிறவள், சாயங்காலம் என் மகனின் புத்தகத்தை வாங்கிச் சத்தமாக வாசிக்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

இங்குள்ள அரசுப் பள்ளியில் தமிழ் வழி வகுப்பு இருக்கிறது, ஆனால் டி.சி. கேட்கிறார்கள். பழைய பள்ளிக்கு இரண்டு முறை போனேன். அம்மாவே நேரில் வர வேண்டுமாம். ஒரு நாள் கூலி போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது, அப்புறம் தோட்ட ஆட்களை வேலை வாங்கும் கங்காணியிடம் முன்பணம் வேறு வாங்கியிருக்கிறார். ஆதார் இருக்கிறது, பிறப்புச் சான்றிதழ் இல்லை.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, வேறு மாநிலத்துக்கு மாறினாலும் டி.சி. தாமதத்தைச் சொல்லிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்க முடியாது, அது 14-ஆம் பிரிவு. இரண்டையும் அச்சடித்துக் காட்டினேன். மேலிடத்தில் எழுதி வாங்கி வரச் சொல்கிறார்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லலாம் என்றால், போலீஸ் வந்துவிடும் என்று அம்மா அழுகிறார்.

இடுக்கியில் டி.சி. இல்லாமல் பிள்ளையைச் சேர்த்தவர்கள், எந்த அலுவலகத்தில் என்ன எழுதிக் கொடுத்தீர்கள்?